ஓர் எழுத்துக்காக: பேசாத பிள்ளைகளின் தாய்மார்

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பார்கள். பிள்ளை வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய நாளில் இந்தப் பழமொழி யாருக்கும் நினைவு வருவதில்லை. அன்றைக்கு அது ‘அப்பன் மூளை’. பிள்ளையிடம் ஏதாவது பிசகும்போதுதான் விரல் தாயின் பக்கம் நீளும். இதை நம் ஊர்ப் பொதுப்புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் மனநல மருத்துவம் இதே பழமொழியை ஆய்வுக் கட்டுரைகளாக எழுதியது, பாடநூல்களில் சேர்த்தது, மருத்துவமனைக் கோப்புகளில் குறித்துவைத்தது. அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாமல் போகும் குழந்தைகளின் தாய்மாரைப் பற்றிய பக்கம் அது.

இந்த நிலைக்கு இன்று செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். நாக்கில் குறையில்லை. மொழியும் தெரியும். வீட்டுக்குள் தம்பியோடு சண்டை போடும், பாட்டியை எதிர்த்துப் பேசும், டிவியில் வரும் பாட்டைக் கூடவே பாடும். அதே குழந்தையிடம் வகுப்பில் ஆசிரியர் பெயரைக் கேட்டால் உடம்பு விறைத்துப்போகும், முகத்தில் அசைவு நின்றுவிடும், குரல் வெளியே வராது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்க முடியாத பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, பள்ளியில் சேர்த்த பிறகுதான் வெளியே தெரிகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, ஆயிரத்தில் ஏழு பேருக்கு இது இருப்பதாகக் கண்டது. அவ்வளவு அரிதான விஷயமில்லை.

பெண் குழந்தைகளிடம் இது சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் பெண் பிள்ளை பேசாமல் இருந்தால் அதை யார் கவனிக்கிறார்கள்? மேசையை உதைக்கும் பையனைப் பற்றி மறுநாளே வீட்டுக்குத் தகவல் வரும். வாயே திறக்காத பெண்ணுக்கு ‘அடக்கமான பிள்ளை’ என்ற பாராட்டுதான் வரும். வகுப்பறைக்குத் தொந்தரவு இல்லாத துயரம் என்பதால் ஆண்டுக்கணக்கில் அப்படியே விடப்படுகிறது.

இந்தக் குழந்தையின் குரலை முழுதாகக் கேட்ட சாட்சி பெரும்பாலும் தாய் ஒருத்திதான். பள்ளியில் போய், “வீட்டில் நன்றாகப் பேசுவாள்” என்று அவள் சொன்னால் நம்ப ஆளில்லை. உறவுக்காரர்களிடம் “பள்ளியில் பேச முடியவில்லை” என்று சொன்னால், “இங்கே எப்படி இவ்வளவு வாயாடுகிறாள்?” என்கிறார்கள். இரண்டு பக்கமும் அவள் பொய் சொல்பவளாகிறாள். இந்தத் தனிமை எப்படி உண்டாக்கப்பட்டது, தாய்மார் அதை எப்படி உடைத்தார்கள், உடைத்த பிறகு அவர்கள் தலையில் என்ன வந்து விழுந்தது என்பதுதான் நாம் பார்க்கப்போகிற வரலாறு.

பெயர் வைத்தவர்கள்

1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் பேச்சுக் கோளாறுகளைப் பற்றி எழுதிய நூலில், பேச முடிந்தும் பேசாமல் இருப்பவர்களை ‘அஃபேசியா வாலன்டேரியா’ என்று குறித்தார். தானாக விரும்பி மேற்கொண்ட பேச்சிழப்பு என்று பொருள். 1934இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மனநல மருத்துவர் மோரிட்ஸ் டிராமர் ‘எலக்டிவ் மியூட்டிசம்’ என்ற பெயரை வைத்தார். குழந்தை யாரோடு பேசுவது, யாரோடு பேசாமலிருப்பது என்று தெரிந்தெடுக்கிறது என்பது அதன் உட்பொருள். பெயர்கள் மாறின, கருத்து மாறவில்லை. குழந்தைக்கு முடியும், வேண்டுமென்றே செய்யவில்லை என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம், உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் புரட்டிப் பார்ப்பது. அதன் மூன்றாம் பதிப்பு 1980இல் எலக்டிவ் மியூட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. பேச ‘மறுப்பது’ என்றுதான் அதன் வரையறை அமைந்தது. 1987இல் வந்த திருத்தப் பதிப்பிலும் அந்தச் சொல் நீடித்தது.

மறுப்பு என்று ஒரு நடத்தைக்குப் பெயர் வைத்துவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடும். மறுப்பவரை வழிக்குக் கொண்டுவர வேண்டும். பேசினால்தான் சாப்பாடு, பேசினால்தான் விளையாட்டு, பேசும்வரை நின்றுகொண்டே இரு என்பவையெல்லாம் அந்தச் சொல்லிலிருந்து பிறக்கும் ‘வைத்தியங்கள்’. பயத்தில் உறைந்த குழந்தையை இப்படி வற்புறுத்தினால் பயம் இன்னும் இறுகும். அது இறுகினால், பார்ப்பவர் கண்ணுக்குப் பிடிவாதம் கூடியதாகத் தெரியும். பெயர் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும்.

பாசம் கூடினாலும் குற்றம்

குழந்தை பிடிவாதக்காரி என்றால் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? கேள்வி நேராக வீட்டுக்குள் நுழைந்தது. வீட்டில் இருந்தவள் தாய்.

இந்தக் கதையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் குழந்தை உளவியல் முழுவதும் தாயைச் சுற்றியே கட்டப்பட்டது. 1948இல் ஃபிரீடா ஃப்ரோம் ரைக்மன் ‘ஸ்கிசோஃப்ரினியாவை உண்டாக்கும் தாய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1951இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயின் இடைவிடாத கவனிப்பு இல்லாவிட்டால் குழந்தையின் மனநலம் கெடும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மார் பாசமில்லாத ‘குளிர்பெட்டித் தாய்’ என்று அழைக்கப்பட்டார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அந்தப் பழியைப் பொதுமக்கள்வரை கொண்டுபோனது.

பேசாத குழந்தையின் தாய்மீது விழுந்த பழி இதற்கு நேரெதிர். அவளுக்குப் பாசம் அதிகம், குழந்தையைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டாள் என்றார்கள். டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பே இந்நிலைக்கு வழிவகுக்கும் காரணிகளில் ஒன்றாகத் தாயின் மிகைப் பாதுகாப்பைக் குறிப்பிட்டது. அதே 1980இல், ஆசிரியரும் எழுத்தாளருமான டோரி ஹேடன் இந்நிலையை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, பராமரிப்பவரோடு, அதாவது பெரும்பாலும் தாயோடு, அளவு மீறி ஒட்டிய உறவில் பிறக்கும் மௌனம். பாசம் குறைந்தால் ஆட்டிசம், கூடினால் மௌனம். தாய் எந்தப் பக்கம் நின்றாலும் தவறான பக்கம்தான்.

மருத்துவர்கள் எதையும் பார்க்காமல் எழுதவில்லை. அவர்கள் கண்டது உண்மையான காட்சி. மருத்துவரின் அறைக்குள் ஒரு பெண் குழந்தையோடு வருகிறாள். “உன் பேர் என்ன?” என்று கேட்டால் குழந்தை தாயின் முந்தானையைப் பற்றிக்கொள்கிறது. அமைதி நீள்கிறது. தாய் முந்திக்கொண்டு பெயரைச் சொல்கிறாள். கோப்பில் ‘மிகைப் பாதுகாப்பு’ என்று பதிவாகிறது. அந்த அறைக்கு வருவதற்கு முன்னால் நூறு கடைகளில், நூறு உறவினர் வீடுகளில் அந்தக் குழந்தை உறைந்து நின்றதையும், ஒவ்வொரு முறையும் அந்த அவமானத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத் தாய் பதில் சொல்லப் பழகியதையும் கோப்பு அறியாது. விளைவைக் காரணமாக எழுதிவிட்டார்கள். அந்த அறையில் தந்தை இல்லாததும் எங்கும் குறிக்கப்படவில்லை. பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப்போவது யாருடைய வேலையோ அவள்தான் ஆராயப்பட்டாள்.

இது ஒரு நோய்க்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதை எண்ணிக்கையோடு காட்டியவர் பெண்ணிய உளவியலாளர் பவுலா காப்லன். அவரும் இயன் ஹால் மெக்கார்க்கடேலும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, 1970, 1976, 1982 ஆகிய ஆண்டுகளில் முக்கியமான மருத்துவ உளவியல் இதழ்களில் வந்த 125 கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளின் 72 வகையான சிக்கல்களுக்கு அவற்றில் தாய் காரணமாகச் சொல்லப்பட்டிருந்தாள். பெண்ணிய இயக்கம் வலுவாக இருந்த ஆண்டுகள் அவை. ஆனாலும் கட்டுரைகளின் போக்கில் பெரிய மாற்றம் தென்படவில்லை.

ஒருவரையொருவர் கண்டுகொண்ட தாய்மார்

ஒரு தாய் தனியாக இருக்கும்வரை இந்தப் பழியை மறுக்க அவளிடம் ஆதாரம் இல்லை. தன் பிள்ளை ஒன்றைத்தான் அவளுக்குத் தெரியும். ‘நான் செல்லம் கொடுத்ததுதான் காரணமோ?’ என்று இரவில் தோன்றினால் அதற்குப் பதில் சொல்ல இன்னொரு வாழ்க்கை அவள் முன்னால் இல்லை. பத்துத் தாய்மார் சேர்ந்து உட்காரும்போது நிலைமை வேறு. ஒருத்தி கண்டிப்பானவள், ஒருத்தி செல்லம் கொடுப்பவள். ஒருத்தி வேலைக்குப் போகிறவள், ஒருத்தி வீட்டிலேயே இருப்பவள். ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே வளர்ப்பு, ஒன்று எங்கும் பேசும், மற்றது பேசாது. இதைச் சேர்ந்து கேட்ட மாத்திரத்தில் ‘தாயின் வளர்ப்பு’ என்ற காரணம் ஆட்டம் காண்கிறது. ஆதரவுக் குழு என்றால் கண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் இடம் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். அது தகவல்களை ஒப்பிட்டு அறிவை உண்டாக்கும் இடமும்கூட. பெண்கள் கூடிப் பேசினால் ‘ஊர்க்கதை’ என்று பெயர் வைப்பவர்களுக்கு இது புரிவது கடினம்.

1991இல் அமெரிக்காவில் சூ நியூமன், கரோலின் மில்லர் என்ற இரண்டு தாய்மார் செலக்டிவ் மியூட்டிசம் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். இணையம் வீடுகளுக்கு வராத காலம். தபாலும் தொலைபேசியும்தான் வழி. அவர்கள் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது பெயரைப் பற்றியது. ‘எலக்டிவ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘செலக்டிவ்’ என்று மாற்றுங்கள் என்றார்கள். ஆங்கிலத்தில் முன்னால் ஒரே ஓர் எழுத்து சேரும், அவ்வளவுதான். ஆனால் குழந்தை விரும்பித் தேர்ந்துகொண்ட மௌனம் என்ற பொருள் விலகி, சில இடங்களில் மட்டும் நேரும் மௌனம் என்ற பொருள் அதில் வந்துவிடும்.

1994இல் வெளிவந்த டிஎஸ்எம் நான்காம் பதிப்பு செலக்டிவ் மியூட்டிசம் என்றே அச்சிட்டது. பேச ‘மறுப்பது’ என்ற வரையறையும் போனது. பேச வேண்டிய இடத்தில் பேசாமற்போவது என்ற சொல் அந்த இடத்துக்கு வந்தது. மருத்துவப் பட்டமில்லாத தாய்மார் கேட்டது மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது.

ஆய்வும் அதே திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. புரூஸ் பிளாக், தாமஸ் உடே என்ற இருவர் இந்நிலை உள்ள 30 குழந்தைகளைப் பரிசோதித்து 1995இல் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் அவர்கள் கண்டது சமூக அச்சம். மனக்காயமோ வன்முறையோ இதற்குக் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நெருங்கிய குடும்பத்தினரிடம் சமூக அச்சம் இருந்தது 70 விழுக்காட்டுக் குடும்பங்களில். 2013இல் டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு இந்நிலையைப் பதற்றக் கோளாறுகளின் பிரிவுக்கு மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் மட்டும் ‘எலக்டிவ்’ என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில்தான் அங்கும் பெயர் மாறியது. தாய்மார் வென்ற ஓர் எழுத்து, ஒரு கையேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர 28 ஆண்டுகள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்மீதான பழியை மறுப்பது குழந்தைமீதான வன்முறையை மறைப்பதாக ஆகிவிடக் கூடாது. எங்கும் பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென எல்லா இடங்களிலும், எல்லாரிடமும் பேச்சை நிறுத்தினால் அது வேறு விஷயம். அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டே ஆக வேண்டும். வீட்டில் பேசி வெளியே பேசாத குழந்தையின் நிலை அதுவல்ல. இரண்டையும் பிரித்தறிவது இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் நாம் செய்ய வேண்டிய நியாயம்.

லெஸ்டரில் இரு பெண்கள்

அமெரிக்கத் தாய்மார் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு, 1992இல், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஸ்மிரா என்ற அமைப்பு பிறந்தது. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் ஆலிஸ் ஸ்லகின், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அகதியாகப் பிரிட்டன் வந்து மனநலச் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். மற்றவர் லிண்ட்சே விட்டிங்டன், இந்நிலை உள்ள ஒரு குழந்தையின் தாய். தொழிலறிவு உள்ள பெண்ணும் அனுபவ அறிவு உள்ள பெண்ணும் ஒரே மேசையில் சம இடத்தில் உட்கார்ந்ததுதான் இந்த அமைப்பின் சிறப்பு.

ஆலிஸின் பின்புலமும் கவனிக்கத் தக்கது. 1983இல் அவர், கணவர் விளாடிஸ்லாவ் ஸ்லகின், மார்ட்டின் ஹெர்பர்ட் ஆகியோரோடு சேர்ந்து தாய்–சேய்ப் பிணைப்பு பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். பிரசவம் முடிந்த உடனே தாயும் சேயும் தொட்டுப் பிணையாவிட்டால் உறவே கெட்டுவிடும் என்ற அன்றைய நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று வாதிட்ட நூல் அது. தாய்மையைப் பற்றிய பெரிய அச்சுறுத்தல்களைச் சான்று கேட்டுச் சோதித்துப் பழகிய ஒருவர் பேசாத குழந்தைகளின் தாய்மாரோடு சேர்ந்தது பொருத்தமாகவே அமைந்தது. முதுமையிலும் அவர் இந்தப் பணியை விடவில்லை. 2010இல் பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ விருது இதற்காக அவருக்குக் கிடைத்தது.

பின்னாளில் அமெரிக்காவில் எலிசா ஷிப்பான் பிளம் என்ற மருத்துவர் தன் மகளின் அனுபவத்திலிருந்து இத்துறைக்கு வந்து, குடும்பங்களை இணைக்கும் அமைப்பையும் சிகிச்சை மையத்தையும் உருவாக்கினார். ஒவ்வொரு நாட்டிலும் தொடக்கத்தில் ஒரு தாயோ, தாயின் சொல்லை நம்பிய ஒரு பெண்ணோ இருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டு மொழிகளுக்கு நடுவே

எல்லாத் தாய்க்கும் இந்த அமைப்புகளின் கதவு ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்நிலை அதிகம் என்று 1975இலேயே டொராண்டோவிலிருந்து ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. ஜெருசலேமில் யோயல் எலிசூர், ரூத் பெரட்னிக் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவாக 0.76 விழுக்காடு இருந்த இந்நிலை குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் 2.2 விழுக்காடாக இருந்தது. புது மொழியின் தயக்கத்தோடு புது ஊரின் அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

வேல்ஸில் வளர்ந்த ஜூன், ஜெனிஃபர் கிப்பன்ஸ் என்ற இரட்டைச் சகோதரிகளின் கதையை மார்ஜரி வாலஸ் 1986இல் நூலாக எழுதினார். பெற்றோர் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் என்பதால் கொடுமைக்கு ஆளானார்கள். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், வெளியாரிடம் பேசவில்லை. பிரித்து வைத்தால் பேசுவார்கள் என்று தனித்தனி விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நிலைமை மோசமானது. பத்தொன்பது வயதில், தீவைப்பு, திருட்டுக் குற்றங்களுக்காக பிராட்மூர் என்ற உயர் பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் அங்கே கழித்தார்கள். 1993இல் வெளியே வரும் நாளில் ஜெனிஃபர் இறந்துபோனார். இன்று செலக்டிவ் மியூட்டிசம் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கதை வரும், பெரும்பாலும் ஒரு மர்மக் கதையாக. அந்தப் பள்ளி ஆண்டுகளில் அவர்களின் தாய் கதவு தட்டிப் போய் உட்கார, இதே நிலையிலுள்ள இன்னொரு பிள்ளையின் தாயைச் சந்திக்க, அந்த நாட்டில் இப்படி ஓர் அமைப்பு இல்லை. ஸ்மிரா பிறக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

புலம்பெயர்ந்த தமிழ்த் தாய்மாருக்கு இதில் ஒரு சேதி உண்டு. “வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், சரியாகிவிடும்” என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கும். குழந்தை தைரியமாகப் பேசும் ஒரே இடத்தின் மொழியைப் பிடுங்கும் அறிவுரை அது. புது மொழி கற்கும் குழந்தை சில மாதம் அமைதியாக இருப்பது இயல்பு. அந்தக் காலம் கடந்தும், தாய்மொழிக்காரர்களிடமும்கூட வெளியிடத்தில் பேச முடியாமல் போனால்தான் இந்நிலையைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டையும் பிரிக்க, குழந்தை வீட்டில் எப்படிப் பேசுகிறது என்று தாயிடம் கேட்க வேண்டும். அவள் மொழியில் கேட்க வேண்டும்.

பழி போனது, வேலை வந்தது

பிரிட்டனின் பேச்சுப் பயிற்சியாளர்களான மேகி ஜான்சன், அலிசன் வின்ட்ஜென்ஸ் இருவரும் 2001இல் வெளியிட்ட கையேடு, பள்ளிகளிலும் வீடுகளிலும் பரவலாகப் பயன்பட்டது. அதிலுள்ள வழிமுறையின் சாரம் இது. முதலில் பேசச் சொல்லி வற்புறுத்துவதை எல்லாரும் நிறுத்த வேண்டும். பிறகு, குழந்தை யாரோடு பேசுமோ அவரோடு, பள்ளியில் ஆளில்லாத ஓர் அறையில் விளையாட விட வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் தாய். குழந்தை அங்கே பேசப் பழகியதும் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். ஆசிரியர் தாழ்வாரத்தில் நடந்துபோவார். இன்னொரு நாள் வாசலில் நிற்பார். அப்புறம் உள்ளே வந்து குழந்தையைப் பார்க்காமல் உட்காருவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் விளையாட்டில் தானும் ஓர் எண் சொல்வார். பிறகு தாய் கொஞ்சம் கொஞ்சமாக அறையைவிட்டு விலகுவாள். கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தைக்காக ஐந்து விநாடியாவது காத்திருப்பது, “ஆமாவா, இல்லையா” என்று கேட்காமல் “சிவப்பா, நீலமா” என்று கேட்பது போன்றவை இன்று இத்துறையில் பலரும் கற்றுத்தரும் சிறு பழக்கங்கள்.

இந்த வழி பலனளிக்கிறது. இதன் வரலாற்றுப் பொருளும் பெரியது. நோயை உண்டாக்குகிறவள் என்று சொல்லப்பட்ட தாய், இப்போது குழந்தையின் குரலைப் பள்ளிக்குள் கொண்டுபோகும் பாலமாகிவிட்டாள். ‘ஒட்டிய உறவு’ என்று பழிக்கப்பட்டதே சிகிச்சைக்கான முதலீடாகிவிட்டது.

ஆனால் பெண்ணியவாதிகளாக நாம் இங்கே இன்னொரு கேள்வியைக் கேட்காமல் போக முடியாது. வாரம் மூன்று காலை, பல மாதங்கள், பள்ளியில் போய் உட்காரும் அந்த ஆளுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? ஜவுளிக்கடையில் நிற்கும் பெண், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண், வீட்டுவேலைக்குப் போகும் பெண், எந்த விடுப்பைப் போட்டு இதைச் செய்வாள்? கையேடுகள் ‘பெற்றோர்’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லுக்குள் யார் நிற்கிறார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முன்பு ‘நீ கெடுத்தாய்’ என்றார்கள். இப்போது ‘நீ செய்யாததால் சரியாகவில்லை’ என்று சொல்லப் புதிய வழி திறந்திருக்கிறது. மரபணு, குடும்ப வழி என்ற கண்டுபிடிப்பும் ‘உன்னிடமிருந்துதான் வந்தது’ என்று திரும்ப அதிக நேரம் பிடிக்காது. பிளாக்கும் உடேயும் பார்த்த குடும்பங்களில் 37 விழுக்காட்டில், நெருங்கிய உறவினர் ஒருவருக்கும் செலக்டிவ் மியூட்டிசம் இருந்திருந்தது. அதாவது சில தாய்மார் சிறுமிகளாக இதே உறைதலை அனுபவித்தவர்கள். பள்ளி முதல்வர் முன்னால் போய் மகளுக்காக வாதாடச் சொல்லி நாம் அனுப்புவது, பேசுவதற்கே அஞ்சி வளர்ந்த ஒருத்தியைத்தான்.

இதனால்தான் ஆதரவு என்பது ஆறுதல் வார்த்தையோடு நின்றுவிட முடியாது. கூடப் போக ஓர் ஆள் வேண்டும். வேறொரு தாய், “நான் வருகிறேன், முதல்வரிடம் நான் பேசுகிறேன்” என்று சொல்ல வேண்டும். தந்தை காலை ஒரு மணி நேரத்தைத் தர வேண்டும். சிறிது காலத்துக்குப் பிறகு தாயின் இடத்தில் உட்காரப் பள்ளி ஓர் ஊழியரைத் தர வேண்டும்.

நம் மொழியில் என்ன பெயர்?

“வாயில் என்ன கொழுக்கட்டையா?”, “அழுத்தக்காரி”, “ஊமைக் கோட்டான்”. பேசாத குழந்தைக்கு நம் மொழி வைத்திருக்கும் சொற்கள் இவை. குழந்தை விரும்பித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்ற குஸ்மவுலின் தீர்ப்பு இந்தச் சொற்களிலும் இருக்கிறது. நாக்கில் வசம்பு தேய்ப்பது முதல் கோயில் நேர்த்திக்கடன்வரை வைத்தியங்களும் உண்டு. எல்லாவற்றையும் செய்து பார்ப்பவள் தாய். பலிக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவளும் அவளே.

செலக்டிவ் மியூட்டிசம் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘தெரிவு மௌனம்’ என்று எழுதினால், அந்தத் தாய்மார் போராடி விலக்கிய பொருளை நாம் திரும்பக் கூட்டிவந்துவிடுவோம். ‘செலக்டிவ்’ என்ற சொல்லில்கூடத் தேர்வின் வாடை மிச்சமிருக்கிறது என்று, இந்நிலையோடு வளர்ந்த பலர் இன்று ஆங்கிலத்தில் ‘சிச்சுவேஷனல் மியூட்டிசம்’ என்ற பெயரை விரும்புகிறார்கள். நாம் ‘சூழல்சார் பேச்சின்மை’ என்று தொடங்கலாம். எந்தச் சூழலில் பேச்சு வரவில்லை, அந்தச் சூழலில் எதை மாற்றலாம் என்ற கேள்வியை அது எழுப்பும். கேள்வி குழந்தையின் மனத்தையும் தாயின் வளர்ப்பையும் விட்டு வகுப்பறைக்குப் போகும்.

வகுப்பறையில் மாற்ற வேண்டியவை நிறைய. பள்ளிச் சேர்க்கையில் குழந்தையிடம் நேர்காணல் நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடை செய்துவிட்டது. அப்படியும் மூன்றரை வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து வண்ணங்களின் பெயர் கேட்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஒப்பித்தலும் வாய்மொழித் தேர்வும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் வகுப்பில், தெரிந்த விடையை எழுதியோ சுட்டிக்காட்டியோ சொல்ல ஒரு குழந்தைக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற வகை உடல் அல்லது நரம்புக் காரணங்களால் வரும் நிலையான குறைபாட்டுக்கானது. இந்தக் குழந்தை அந்தக் கட்டத்துக்குள் வராது. மாவட்டங்களில் குழந்தைகளுக்காக இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் இருக்க வேண்டும் என்பது திட்டம். அந்த வாசலில் காத்திருக்கும் தாய்மாரில் யாருக்கு யாரைத் தெரியும்? அங்கே ஒரு பெஞ்சும், விருப்பமுள்ளவர்கள் பெயரெழுதிவைக்க ஒரு நோட்டும் இருந்தாலே ஒரு குழு தொடங்கிவிடும். சூ நியூமனும் கரோலின் மில்லரும் தொடங்கியபோது அவர்கள் இரண்டே பேர்தான்.

இதை வாசிப்பவர்களில் நாளைய ஆசிரியர்களும் உளவியல் மாணவிகளும் பக்கத்து வீட்டு அத்தைகளும் இருப்பீர்கள். அப்படி ஒரு தாயைச் சந்தித்தால் “ஏன் பேச மாட்டேங்கிறா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவள் ஆயிரம் முறை கேட்டுவிட்டாள். “வீட்டில் என்னவெல்லாம் பேசுவாள், சொல்லுங்களேன்” என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை அங்கேயே இருங்கள்.